மீட்டர் பீட்சா

துடைக்கத் துடைக்க அந்தச் சிவப்பு போகவில்லை.

தக்காளிச் சாறாகத்தான் இருக்கும் என்று அவள் முதலில் நினைத்தாள். கடை ஆரம்பித்ததிலிருந்து அது அவர் மேல் எங்காவது ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வரும். காது மடலில், காலரின் உள்பக்கத்தில், ஒருமுறை மூக்குக் கண்ணாடியின் காம்பில். அதனால் துணியை நனைத்துப் பிழிந்து கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. உதட்டைத் துடைத்தாள். உதடு இன்னும் சிவந்த மாதிரி இருந்தது.

"விடு அண்ணி, போதும்." நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் தானும் குனிந்து பார்த்தாள். "என்ன இது? அண்ணன் கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு களையா இல்லையே."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சோகை பிடித்த மனிதர். குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுத்தவர். வெயிலில் அலைந்து கறுத்தாரே தவிர, அந்தக் கறுப்பிலும் ஒரு வெளிறல் இருந்தது. இப்போது நடு அறையில், வெள்ளைப் போர்வைக்கு மேலே, நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்தவர் போலக் கிடந்தார். நகங்கள்கூட மருதாணி இட்டாற்போல இருந்தன.

சரியாகக் கண் தெரியாத சித்தி ஒருத்தி வந்து, அவர் முகத்துக்கு வெகு அருகில் தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் திரும்பிப் பார்த்து அதட்டினாள்.

"ஏண்டி, தூங்குறவனை இப்படி நடுவீட்டுல போட்டு, சுத்தி உக்காந்து அழறீங்களே. எழுந்தா பயந்துக்க மாட்டான்?"

அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். ஆனால் அதற்கப்புறம் அறையில் அழுகை சரியாக எழவில்லை. ஒவ்வொருவரும் ஒரு கண்ணை அவர் மார்பின் மேல் வைத்துக்கொண்டே இருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் போர்வை அசையும்போதெல்லாம் யாராவது ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அன்று காலை கடை ஷட்டரைத் தூக்கியவன் அவளுடைய தம்பி. கடையில் கூட்டாளியும் அவன்தான். அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்து, லேசாகச் சிரித்த முகத்தோடு மாமா இருந்தாராம். "மாமா, ராத்திரி இங்கயே தங்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாற்றினானாம். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்ததாம். பக்கத்தில் சாவி செய்கிறவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக வெளியே தூக்கி, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வந்தார்கள். தெருமுனை டாக்டர் பார்த்தார். மாரடைப்பு என்றார். இந்த வயதில் பழக்கமில்லாத வேலை, அடுப்புச் சூடு, முகம் சிவந்துதான் இருக்கும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பி அதிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், அவன்தானே பார்த்தது என்றார்கள்.

அவள் ஈரத்துணியை மடித்துக் கிண்ணத்தின் விளிம்பில் போட்டாள். நேற்று அவர் ராத்திரி வராதபோது அவள் தேடவில்லை. சண்டை போட்ட நாட்களில் அவர் கடையிலேயே மாவு மூட்டைகளின் மேல் படுத்துக்கொள்வது வழக்கமாகியிருந்தது.

சண்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே சண்டைதான். அதையே இருவரும் வேறு வேறு வார்த்தைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் ஆரம்பித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசலில் குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு, தன் வாசலுக்கு நாலு பேர் வரவேண்டும் என்று ஆசை. அது ஏன் பீட்சாவாக இருக்க வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. அவர் அதுவரை அதைத் தின்றதே ஏதோ அலுவலக விருந்தில் ஒரே ஒரு தரம். மூடிக்கிடந்த ஒரு கடை கிடைத்தது. அதில் செங்கல் அடுப்பு ஒன்று ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. அடுப்பைப் பார்த்து மயங்கிவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படி மயங்கவில்லை என்று தம்பி கேலி செய்தான்.

"மீட்டர் பாத்த கைக்கு மாவு பிசையத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் இறங்கணும்னா உலகத்துல யாரும் பிள்ளை பெத்துக்க முடியாது."

சொன்ன பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கிளறிக்கொண்டிருந்ததை இன்னும் கொஞ்சம் கிளறினாள். அந்த வீட்டில் பிள்ளை என்ற சொல் தவறி விழுந்தால் யாரும் குனிந்து எடுப்பதில்லை.

போன் திரையில் பார்த்துப் பார்த்துக் கற்றார். மாவு ஒருநாள் கல், ஒருநாள் கூழ். வட்டமாக வராததையெல்லாம் புது டிசைன் என்று சொல்லி விற்கலாம் என்றான் தம்பி. பெயர்ப்பலகைக்குப் பெயர் தேடி அலுத்துப்போய், தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிற பட்டப்பெயரையே வைத்தார்கள்: மீட்டர் பீட்சா. திறப்பு நாளன்று அவள் போகவில்லை. "உங்க கடை வாசலை நான் மிதிக்க மாட்டேன்" என்றாள். வாய் சொன்னதைக் கால் பிடித்துக்கொண்டது.

பல மாதங்கள் ஈ ஓட்டினார்கள். பிறகு திடீரென்று ஒருநாள் அவர் கொண்டுவந்த அட்டைப் பெட்டியிலிருந்து வந்த மணம் வேறாக இருந்தது. அவர் குளிக்கப் போனபோது அவள் திறந்து ஒரு துண்டு தின்றாள். பிறகு நின்றபடியே முழுவதையும் தின்றுவிட்டாள். குளித்து வந்தவர் காலிப் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டார். அன்று தூங்கும் முன் இருட்டைப் பார்த்துச் சொன்னார்:

"கடையில ஒருத்தர் இருக்கார்."

"வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. மாவு மூட்டைப் பக்கம் நிக்கறார். வெள்ளையா ஏதோ போட்டிருக்கார். முகம் தெரியல. நான் பிசையும்போது பாத்துக்கிட்டே இருக்கார். தப்பாப் போனா தெரிஞ்சுடுது எனக்கு."

"பேய் பிடிச்சுப் பீட்சா சுடறீங்களாக்கும்."

"நல்லா வருதுல்ல," என்றார்.

அவர் அதற்கப்புறம் தலைவலி என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார். சாயங்காலம் கடையில் இருந்தால் நெற்றிப்பொட்டில் உளி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். கண்ணாடியை மாற்றுங்கள் என்றாள் அவள். மாற்றினார். மாத்திரை போட்டுக்கொண்டார். அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகம் தெளிந்துவிடும். இப்போதெல்லாம் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று, புதிதாகச் சினேகிதம் ஆனவனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். நேற்றுக் காலை கடைசியாகச் சொன்னதும் அவரைப் பற்றித்தான். "நீ ஒருநாள் வந்து பாரேன். உனக்கும் தெரியுதான்னு பாப்போம்." அவள் பாத்திரங்களை ஓசைப்பட அடுக்கினாள்.

"எடுக்கறதுக்கு வண்டி சொல்லியாச்சு," என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் தையல்காரி உள்ளே வந்தாள். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் பின்வாங்கினாள். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரியின் கை சில்லென்று இருந்தது.

"நேரத்தோட வரணும்னுதான் இருந்தேன். தலையைத் தூக்க முடியல. ஒரு வாரமாவே இப்படித்தான். இன்னிக்கு ரொம்ப மோசம்." குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக் கூடாது. ஆனா கடைக்குள்ள சத்தம் கேக்குதும்மா. பூட்டின கடைக்குள்ள. தொப்புனு ஏதோ விழுது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. யாரோ சாமான் எடுத்து வெக்கற மாதிரி. பயந்துபோய் உங்க தம்பிக்கு அப்பவே போன்ல சொன்னேன். பாத்துட்டு வரேன்னு போயிருக்கார்."

 நாத்தனார் போர்வையைப் பார்த்தாள். மின்விசிறியை யாரோ நிறுத்தியிருந்தார்கள் போலிருக்கிறது, போர்வை அசையாமல் இருந்தது.

"தங்கமான மனுஷன்," தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல அவர் அடுப்புப் புகை பூரா என் வீட்டுக்குத்தான் வரும். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் புகைவாடை. ஒருநாள் சண்டைக்கே போயிட்டேன். வேற யாரா இருந்தாலும் போடின்னு சொல்லியிருப்பாங்க. உங்க வீட்டுக்காரர் மறுநாளே மொட்டைமாடிக்குப் போய் ஏதோ பண்ணினார். அப்புறம் பாருங்க, ஒரு பொட்டுப் புகை வரல. அடுப்பும் சூடு ஆறாம அப்படியே நிக்குதாம், கரியும் மிச்சமாம். குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார்."

அவள் தையல்காரியின் கையைப் பார்த்தாள். நகங்களைப் பார்த்தாள்.

"புகை எங்க போச்சு?"

"எங்க போச்சுன்னா?"

"அடுப்பு எரியுதில்ல. மேல வரலைன்னா அது எங்க போகும்?"

 அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கன்னத்தை, உதட்டை, அந்த நல்ல நிறத்தை. தம்பியின் வாந்தி. நெற்றிப்பொட்டில் உளி. இத்தனை நாளும் அடுப்படியில் நின்றவள்தானே அவள்.

எழுந்துவிட்டாள்.

"அண்ணி, எங்க போற? அண்ணி! அண்ணனை விட்டுட்டு—"

வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு ஓடினாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வந்துகொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவள் தலைவிரிகோலமாகத் தெருவில் ஓடுவதைப் பார்த்து, துக்கம் மூளையைத் தாக்கிவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பின்னாலேயே தையல்காரி தள்ளாடிக்கொண்டு வந்தாள்.

கடையின் ஷட்டர் இடுப்பளவு தூக்கியிருந்தது. உள்ளே கண்ணாடிக் கதவு தானாகவே மூடியிருந்தது. அவள் ஷட்டரைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தாள்.

புகை இல்லை. துளிகூட இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இளஞ்சூடாக, புளித்த மாவும் தக்காளியும் கலந்த வாசனை வந்து முகத்தை மூடியது. விளக்கு போடாத அறையில் ஏதோ ஒன்று மேசையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்த பிறகு மாவு என்று தெரிந்தது. நேற்று அவர் பிசைந்து வைத்துவிட்டுக் குளிர்பெட்டிக்குள் வைக்காமல் போன மாவு. ஒவ்வொரு டப்பாவாகப் பொங்கி, மூடியைத் தள்ளி, வெளியே வழிந்து, தரையைத் தொடுவதற்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மூடி எழும்பி, தயங்கி, தொப்பென்று விழுந்தது.

தம்பி அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சுவரில் தலை சாய்த்து.

"டேய்."

மெதுவாகக் கண்ணைத் திறந்தான். அவன் கன்னங்கள் சிவந்திருந்தன. அவளைப் பார்த்து, சின்னவனாக இருந்தபோது காய்ச்சலில் சிரிப்பது போலச் சிரித்தான்.

"வந்துட்டியா அக்கா. உக்காரு. மாமா மாவு பிசையறார் பாரு."

"எழுந்திரு."

"தனியா இல்லக்கா. ரெண்டு பேரு நிக்கறாங்க."

அவன் கை எந்தப் பக்கம் நீண்டது என்று அவள் பார்க்கவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவன் ஈர மூட்டை போல ஸ்டூலிலிருந்து சரிந்தான். சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு தரையாக இழுத்தாள். மாவில் அவன் கால் வழுக்கியது. சாவிக்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்து கால்களைத் தூக்கினார். வெளியே நடைபாதையில் போட்டதும் அவன் குப்புறப் புரண்டு வாந்தி எடுத்தான். பிறகு அழுதான். அவள் புடவைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்றாள் சாவிக்காரரிடம். "கரி அடுப்பு, புகைபோக்கி அடைச்சிருக்கு, விஷ வாயு ஏறியிருக்குன்னு சொல்லுங்க. மாரடைப்புன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

"நீங்க?"

"பின்கதவைத் திறந்து விடணும்."

"போகாதீங்கம்மா, தீயணைப்புக்குச் சொல்லிடலாம். அவங்க வந்து—"

"ஒரு தாப்பாள்தானே," என்றாள்.

அதற்குள் தையல்காரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவளை மொட்டைமாடிக்குப் போய்ப் புகைபோக்கியில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். பிறகு ஒரு நீண்ட மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

பின்கதவு அறையின் கோடியில் இருந்தது. போகிற வழியில் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்க்க மாட்டேன் என்று இத்தனை மாதம் இருந்ததை ஒரு மூச்சுக்குள் பார்க்க வேண்டியிருந்தது. மாவு தேய்க்கும் பலகையின் மேல் வரிசையாகத் துடைத்து வைத்த கத்திகள். சுவரில் அவர் கையெழுத்தில் 'சிரித்துப் பேசவும்' என்று ஒரு தாள், அவருக்கே எழுதிக்கொண்டது. சாம்பலுக்கு அடியில் பூனைக் கண்போல ஒளிரும் கரி.

தாப்பாள் துருப்பிடித்திருந்தது. அசைத்தாள். வரவில்லை. அடக்கிய மூச்சு உடைந்துபோய், அடுத்த மூச்சை அவள் அந்த அறையிலிருந்தே இழுத்தாள். அதில் ஒரு கெடுதலும் தெரியவில்லை. சுகமாகக்கூட இருந்தது. இன்னொன்று இழுத்தாள். நெற்றிப்பொட்டில் ஏதோ மெதுவாகத் தட்டியது.

பின்னால், மாவு மூட்டைகள் அடுக்கிய மூலையில், யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. கொஞ்சம் தோள் சாய்ந்த நிற்பு. எந்த வீட்டு வாசலிலும் உள்ளே கூப்பிடும்வரை காத்திருக்கிறவர்களின் நிற்பு. தப், தப் என்று மாவைப் பலகையில் அறையும் சத்தம் கேட்டது. மாவு வழிந்து தரையில் விழும் சத்தமாக இருக்கலாம். அவள் கை தாப்பாளின் மேல் இருந்தது. இழுத்தால் வந்துவிடும் என்று தெரிந்தது. துரு விட்டுவிட்டது. விரலில் அந்தத் தளர்வு தெரிந்தது.

ஆனாலும் அவள் இழுக்கவில்லை. தலையை மட்டும் கதவுப் பலகையில் சாய்த்துக்கொண்டாள். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. சத்தம் நின்றது. பின்னால் நின்ற ஆள் ஓர் அடி பக்கத்தில் வந்தது போலிருந்தது. முதுகில் சின்னதாக ஓர் உஷ்ணம்.

"வந்துட்டேன்ல," என்றாள் அவள். கதவிடம் சொல்வதுபோல, சலிப்போடு, நேரமாகிவிட்டது என்று வீட்டில் சொல்கிற அதே குரலில்.

எங்கோ மேலே, கட்டடத்தின் எலும்புக்குள்ளிருந்து, உலோகம் உராயும் ஓசை கேட்டது. அடுப்பு ஒரு பெருமூச்சு விட்டது. சாம்பல் சிலிர்த்து எழுந்து அடங்கியது. தையல்காரியின் குரல் தொலைவிலிருந்து, "எடுத்துட்டேன்! வெளிய வாங்க! அம்மா, வெளிய வாங்க!" என்றது.

அவள் தாப்பாளை இழுத்தாள்.

வெளிச்சம் கத்தியாக விழுந்தது. குப்பைத் தொட்டியும் ஈரச் சந்தும் நாய் குரைப்புமாக உலகம் உள்ளே வந்தது. அவள் வாசற்படியில் குனிந்து நின்று இருமி இருமிக் காற்றைக் குடித்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். மூட்டைகள் இருந்தன. அவற்றுக்கு மேலே ஆணியில் வெள்ளை ஏப்ரன் ஒன்று, வந்த காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

சந்து வழியாகச் சுற்றி முன்பக்கம் வந்தபோது தையல்காரி படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கரி பிடித்த பெரிய அலுமினிய மூடி. புகைபோக்கி வாயில் கவிழ்த்து, மேலே செங்கல் வைத்து அழுத்தியிருந்தாராம். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் ஒரு நெளிவு. தன் வீட்டு அண்டாவின் மூடி. காணோம் என்று அவள் வீடெல்லாம் புரட்டித் தேடியபோது, அவரும் கூடவே கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார்.

"நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்," என்றாள் தையல்காரி.

அவள் மூடியைப் படியில் சாய்த்து வைத்தாள். "உங்களுக்குத் தலைவலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

போன் அடித்தது. நாத்தனார். "அண்ணி, எங்க போயிட்ட? வண்டி வந்து நிக்குது. எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. எடுக்க வேண்டாமா?"

"இப்ப எடுக்காதீங்க. டாக்டரை மறுபடி வரச் சொல்லு. பெரிய ஆஸ்பத்திரிக்கும் சொல்லணும். வந்து சொல்றேன்."

"இனிமே டாக்டர் எதுக்கு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

முன்பக்கக் கண்ணாடிக் கதவு மறுபடி மூடியிருந்தது. முட்டுக் கொடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கதவை வெளியே இழுத்துத் திறந்து, அதில் முதுகைச் சாய்த்து, கால்களை ஊன்றி நின்றுகொண்டாள். பின்கதவிலிருந்து முன்கதவுக்குக் காற்று போக ஆரம்பித்தது. அவள் புடவையைத் தாண்டி மாவின் வாசனை தெருவுக்குள் இறங்கியது. ஒரு காலில் பெரிய செருப்பு, இன்னொன்றில் சின்னது.

பைக் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி, திறந்த ஷட்டரையும் அவளையும் பார்த்தார். வழக்கமாக வருகிறவர் போலிருந்தது.

"மீட்டர் சார் இல்லையா? கடை தொறந்திருக்கா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். 

"கொஞ்சம் காத்தாடட்டும்," என்றாள்.

"சரிங்க," என்று அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்தார்.

கதவின் ஸ்பிரிங் அவள் முதுகை மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தது.